தொழில் என்ற கட்டம்

2024-இல் எங்கள் சபையின் அறுப்பின் பண்டிகையில் நான் எழுந்து நின்றேன். உட்கார்ந்தே இருந்திருக்கலாம். அந்த ஒரு நிமிடம் இன்றுவரை என்னை விடவில்லை.

சிங்கப்பூரில் ஏதாவதொரு தமிழ்ச் சபையின் அறுப்பின் பண்டிகைக்குப் போனவர்களுக்கு அந்தக் காட்சி தெரிந்திருக்கும். தேக்காவில் வாங்கிய பூசணிக்காய், தேங்காய், கட்டுக் கரும்பு, வீட்டில் செய்த கேக், சம்பால் பாட்டில், யாரோ வீவக எனும் அரசு அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்தில் தொட்டியில் வளர்த்த கறிவேப்பிலைக் கன்று, எல்லாவற்றையும் பீடத்துக்கு முன்னால் அடுக்கியிருப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரு சீப்பு வாழைப்பழம் நாற்பது வெள்ளிக்குப் போகும். ஏலத்தில் எடுத்தவரே அதைத் திரும்பக் கொடுப்பார், மறுபடி ஏலம் விடுவார்கள். எனக்கு அந்தப் பண்டிகை மிகவும் பிடிக்கும். வயலே இல்லாத ஊரில் வயலுக்காக ஒரு நாளை ஒதுக்கி வைத்திருக்கிறோமே என்று ஒவ்வொரு முறையும் மனம் நிறைந்துதான் வீடு திரும்புவேன். அந்த ஆண்டு ஏலத்துக்கு முன்பு நிகழ்ச்சியை நடத்திய இளைஞர், "நம்மில் விவசாயக் குடும்பத்திலிருந்து வந்தவர்கள் எழுந்து நிற்கலாமா?" என்று கேட்டார். ஐந்தாறு பேர் எழுந்தோம். சபை முழுவதும் கை தட்டியது. பக்கத்தில் இருந்தவர் நான் உட்கார்ந்ததும், "ஊர்ல நெலம் இருக்காண்ணே?" என்றார். "ஆறு மா." "மான்னா?" "மூணு மா ஒரு ஏக்கர்." "ஒங்க பேர்லயா?" "ஆமா, என் பேர்லதான்." சொன்ன பிறகு அடுத்த பாட்டை என்னால் பாட முடியவில்லை.

அன்றிரவு ஊருக்குப் போன் செய்து அக்காவிடம் சொன்னேன். அக்கா என்றால் பெரியப்பா மகள். ஊரில் எங்கள் சபையின் ஆலயத்தைக் கோயில் என்றுதான் சொல்லுவோம். நான் எழுந்து நின்றதையும் கை தட்டியதையும் கேட்டுவிட்டு அவள் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "ஒனக்குச் சொல்ல வேணாம்னுதான் இருந்தேன் தம்பி. கோயில் ரிஜிஸ்தர்ல அப்பாவுக்குத் தொழில் கூலின்னு எழுதியிருக்கு" என்றாள்.

ஆறு மா

எங்கள் ஊர் தரங்கம்பாடியிலிருந்து மேற்கே சில மைல் உள்ளே இருக்கிறது. 1706-இல் ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு வந்திறங்கிய கடற்கரை என்று சொன்னால் பள்ளியில் படித்தது பலருக்கு நினைவு வரும். அச்சுக்கூடம், புதிய ஏற்பாடு என்று வரலாறு எழுதுகிறவர்கள் அந்தக் கரையோரத்திலேயே நின்றுவிடுவார்கள். உள்ளே தள்ளி, காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடையில், முந்நூறு ஆண்டாக லுத்தரன் கிறிஸ்தவர்கள் சேற்றில் கால் வைத்து வாழ்கிறார்கள் என்பது அவ்வளவாகப் பேசப்படாத கதை. அவர்களில் பெரும்பாலோருக்கு நிலம் கிடையாது. எங்கள் தாத்தாவுக்கும் கிடையாது. நிலம் வைத்திருந்த மிராசுதாரிடம் பண்ணையாளாக, அதாவது நிரந்தரப் பண்ணைக் கூலியாக, இருந்தார். 1952-இல் தஞ்சாவூர் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்து, நினைத்தபோது ஆளை விரட்ட முடியாது என்று ஆனபோது பெரியப்பாவுக்கு 16 வயது. அந்தச் சட்டத்தின் பெயரைக் கடைசிவரை முழுசாகச் சொல்லுவார், வேத வசனம் சொல்வது மாதிரி.

அப்பா 1957-இல் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறி இங்கே வந்தவர். செம்பவாங் நேவல் பேஸில் பெயின்ட் அடிக்கும் வேலை. 1971 அக்டோபரோடு பிரிட்டிஷ்காரர்கள் கிளம்பிப் போனார்கள். அப்பாவும் கையில் கொடுத்த தொகையோடு ஊர் திரும்பினார். தமிழ்நாட்டில் நில உச்சவரம்பு 30 ஸ்டாண்டர்டு ஏக்கரிலிருந்து 15-ஆகக் குறைந்திருந்த சமயம். பெரிய குடும்பங்கள் ஓரத்து நிலங்களைத் துண்டு துண்டாக விற்றுக்கொண்டிருந்தன. 1972-இல் ஆறு மா வாங்கினார்கள். பத்திரம் அப்பா பெயரில். பெரியப்பாதான் அப்படிச் சொன்னாராம்: "காசு ஒன்னோடது, பத்திரமும் ஒம் பேர்லதான் இருக்கணும். மண்வெட்டி எங்கிட்ட இருக்கட்டும்." அந்த ஆண்டிலிருந்து ஐம்பது வருடம் மண்வெட்டி அவரிடமே இருந்தது. அப்பா காரைக்காலில் ஒரு மில்லில் வேலைக்குப் போய்விட்டார். வயலுக்கு அவர் வந்ததெல்லாம் பண்டிகை நாட்களில் வரப்பில் நின்று பார்க்கத்தான். 1994-இல் அப்பா இறந்தார், பட்டா என் பெயருக்கு மாறியது. மறு ஆண்டு நான் சிங்கப்பூருக்கு வந்துவிட்டேன்.

பெரியப்பாவை நினைத்தால் முதலில் எனக்குத் தெரிவது அவர் பாதம். குதிகாலில் ஆழமான வெடிப்புகள், அந்த வெடிப்புகளுக்குள் கறுப்பாகக் களிமண். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்துக்குக் கிளம்புமுன் கிணற்றடியில் தேங்காய் நாரும் சவுக்காரமும் வைத்து அரை மணி நேரம் தேய்ப்பார். வெளிப்புறம் வெளுக்கும், வெடிப்புக்குள் இருப்பது போகாது. திருவிருந்துக்கு முழங்காலில் நிற்கும்போது பின்வரிசையில் சிறுவனாக உட்கார்ந்திருந்த எனக்கு அந்த இரண்டு குதிகால்களும்தான் தெரியும். இப்போதும் அப்பத்துக்குக் கை நீட்டும்போது எனக்கு முன்னால் அந்தக் குதிகால்கள் இருக்கின்றன.

தன்னை யாரிடம் அறிமுகம் செய்துகொண்டாலும், பெயருக்கு முன்னால் "நான் விவசாயி" என்பார். பஸ்ஸில், ஆஸ்பத்திரியில், என் கல்யாணத்தில் பெண் வீட்டாரிடம், எல்லா இடத்திலும். சின்ன வயதில் எனக்கு அது ஏன் என்று புரியாது. பிற்பாடு அக்கா சொல்லித்தான் தெரிந்தது. தாத்தா இறந்தபோது கோயில் பதிவேட்டில் "தொழில்: கூலி" என்று எழுதியதைப் பெரியப்பா பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறார். தாத்தா கூலிதான், அதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் தன்னோடு அந்தச் சொல் முடிய வேண்டும் என்று நினைத்திருக்கிறார்.

லுத்தர் ஐயர் கணக்கு

எங்கள் சபையில் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். அந்தப் பழக்கத்தில் மார்ட்டின் லுத்தரும் பெரியப்பாவுக்கு லுத்தர் ஐயர்தான். திருவிருந்தில் சேரத் தகுதி தரும் திடப்படுத்தல் சடங்குக்கு முன்னால், லுத்தரின் சிறிய ஞானோபதேசம் என்ற கேள்வி-பதில் புத்தகத்தைப் பிள்ளைகள் மனப்பாடம் செய்ய வேண்டும். பெரியப்பா பள்ளிக்கூடம் போனது ஐந்தாம் வகுப்புவரை. ஆனால் அந்தச் சின்னப் புத்தகம் முழுவதும் அவருக்கு வாய்ப்பாடம். பரமண்டல ஜெபத்தில் "எங்களுக்கு வேண்டிய ஆகாரத்தை இன்று எங்களுக்குத் தாரும்" என்ற விண்ணப்பத்துக்கு லுத்தர் 1529-இல் எழுதிய விளக்கம் ஒரு நீண்ட பட்டியல். ஆகாரம் என்றால் சோறு மட்டுமில்லை என்று தொடங்கி, உடை, செருப்பு, வீடு, நிலம், கால்நடை, பணம், நல்ல மனைவி, நல்ல பிள்ளைகள், நல்ல அரசாங்கம், நல்ல வானிலை, சமாதானம், ஆரோக்கியம், நல்ல சிநேகிதர், உண்மையான அயலார் என்று போகும். ஜெர்மனியில் ஒரு குடியானவக் குடும்பத்து வழியில் வந்தவர் எழுதிய பட்டியல் என்பது படித்தாலே தெரியும். பெரியப்பா அதை "லுத்தர் ஐயர் கணக்கு" என்பார். நாற்றங்காலில் விதை தெளிக்கிற அன்று தலைத்துண்டை அவிழ்த்து வரப்பில் வைத்துவிட்டு, விரல் கணுக்களில் எண்ணிக்கொண்டே அந்தப் பட்டியலை முழுவதும் சொல்லுவார். அதுதான் அவருடைய விதைப்பு ஜெபம். "அயலார்" என்று வரும்போது பக்கத்து வயல் பக்கம் கையைக் காட்டுவார். அந்த வயல்காரர் மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா குடும்பம். கடைமடையில் முறைத் தண்ணீர் நள்ளிரவில் வரும்போது பெரியப்பாவுக்காக மடையைத் திறந்துவிட்டு டார்ச் அடித்து எழுப்புகிறவர் அவர்தான்.

லுத்தரைப் பற்றி இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 1525-இல் ஜெர்மனியில் குடியானவர்கள் கிளர்ந்தெழுந்தபோது அதே லுத்தர் அவர்களுக்கு எதிராக மிகக் கொடூரமாக எழுதினார். பல வருடம் கழித்து ஜூரோங் நூலகத்தில் உட்கார்ந்து அதைப் படித்தபோது என் நெஞ்சு கசந்தது. பெரியப்பாவிடம் அதை நான் சொல்லவே இல்லை. அவருக்கு லுத்தரிடமிருந்து வேண்டியிருந்தது ஒன்றுதான்: பீடத்தில் நிற்கிற ஐயருடைய வேலையும் வரப்பு வெட்டுகிறவனுடைய வேலையும் கடவுள் கொடுத்த அழைப்புதான், ஒன்று உசத்தி ஒன்று மட்டம் என்பது இல்லை. அதை யாரோ ஒரு பழைய உபதேசியார் அவருக்குச் சொல்லியிருக்கிறார். அதைப் பிடித்துக்கொண்டு ஒரு ஆயுளை வாழ்ந்துவிட்டார்.

லேசான ஆயுள் இல்லை. ஜூன் 12 என்றால் பாசனத்துக்கு மேட்டூர் அணை திறக்கும் என்று வளர்ந்தவர்கள் நாங்கள். 2012-இலிருந்து 2019 வரை எட்டு ஆண்டுகள் அந்தத் தேதியில் திறக்கவில்லை. குறுகிய காலக் குறுவை நெல் போயிற்று, நீண்ட காலச் சம்பா மட்டும் மழையை நம்பி. 2016-இல் அந்த மழையும் பொய்த்தது. 2017 ஜனவரியில் அரசாங்கம் வறட்சி என்று அறிவித்து நெல்லுக்கு ஏக்கருக்கு 5,465 ரூபாய் நிவாரணம் கொடுத்தது. நிலக் கணக்கான சிட்டாவில் இருந்தது என் பெயர், பணம் என் கணக்குக்கு வந்தது. இரண்டு ஏக்கருக்கு 10,930 ரூபாய். நான் ஜூரோங் வெஸ்ட் வீட்டில் சோபாவில் உட்கார்ந்து போனில் அந்தக் குறுஞ்செய்தியைப் பார்த்தேன். பெரியப்பாவைக் கூப்பிட்டு, "பணம் வந்திருக்கு பெரியப்பா, நான் இருபத்தஞ்சாயிரமா அனுப்பிடறேன்" என்றேன். நல்ல காரியம் செய்கிறோம் என்ற நிறைவோடு அன்றிரவு தூங்கினேன். "சரி தம்பி, நல்லாருப்பா" என்றார். அவருடைய கருகின பயிருக்கு வந்த பணத்தை நான் அவருக்குத் தர்மம் மாதிரி கொடுத்தேன், அவர் அதை வாங்கிக்கொண்டார்.

கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க் கடன் கேட்டால் பட்டா யார் பெயரில் என்பார்கள். அதனால் பெரியம்மாவின் சங்கிலியும் வளையலும் ஒவ்வொரு நடவுக்கும் அடகுக் கடைக்குப் போய் அறுவடைக்குத் திரும்பும், சில வருடம் திரும்பாது. 2021 பிப்ரவரியில் கூட்டுறவுப் பயிர்க் கடன் 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி என்று அறிவிப்பு வந்தது. தெருவில் நாலைந்து வீட்டில் வெடி வெடித்தார்களாம். பெரியப்பாவுக்குச் சங்கத்தில் கடனே இல்லையே, எதைத் தள்ளுவது? ஆண்டுக்கு 6,000 ரூபாய் மத்திய அரசு உதவி 2019-இல் வந்தது, அதுவும் நிலம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்களுக்குத்தான். இவை எதையும் அவர் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. "அடுத்த லீவுக்கு வரும்போது பெரியப்பா பேருக்கு எழுதிக் கொடுத்துடணும்" என்று என் மனைவியிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன் என்று கணக்கில்லை. லீவு பத்து நாள். கல்யாணம், வேளாங்கண்ணி, பல் டாக்டர், துணிக்கடை. பத்திர ஆபீஸுக்கு மட்டும் ஒரு முறையும் நாள் ஒழியவில்லை. இதற்கு வேறு எந்தக் காரணமும் சொல்ல என்னிடம் இல்லை.

தை மழை

2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. எங்கள் பக்கமும் வயலெல்லாம் கடலாகிவிட்டது. பெரியப்பாவுக்கு அப்போது 86 வயது. உழவும் நடவும் ஆட்களை வைத்து அக்காதான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆனால் தினமும் காலையில் வயலைச் சுற்றி வருவதை அவர் விடவில்லை. தண்ணீர் வடிந்தபின் அழுகின இடத்தில் மறுபடி நாற்று வாங்கி நட வைத்தார். பொன்மணி, நாங்கள் இன்னும் சி.ஆர். 1009 என்போமே, அந்த நெல். ஜனவரி நடுவில் ஒரு விடியற்காலை ஈர வரப்பில் வழுக்கி விழுந்தார், இடுப்பெலும்பு முறிந்தது. இந்த வயதில் அறுவை சிகிச்சை வேண்டாம் என்று வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்கள். மூன்று வாரம் கட்டிலில். தினமும் வீடியோவில் கூப்பிடுவேன். தன் உடம்பைப் பற்றி ஒரு வார்த்தை பேச மாட்டார். "கதிரு பால் கட்டிடுச்சா பாத்தியாம்மா" என்று அக்காவிடம் கேட்பது மட்டும் எனக்கும் கேட்கும்.

பிப்ரவரி முதல் வாரம், அறுக்கிற நேரத்தில், காலம் தவறி மழை பிடித்துக்கொண்டது. டெல்டா முழுவதும் முற்றின கதிர் தண்ணீரில் சாய்ந்தது. அக்கா போனை வயலுக்கு எடுத்துப்போய் எனக்குக் காட்டினாள். படுத்துக் கிடந்த கதிரைக் கையால் தூக்கினாள். நெல்மணிகளிலிருந்து வெள்ளையாக முளை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. "அப்பாட்ட என்ன சொல்ல?" என்று கேட்டாள். நான், "ஒண்ணும் ஆகலன்னு சொல்லு" என்றேன். அவள் அப்படிச் சொல்லவில்லை. முளைத்த ஒரு கதிரை ஒடித்து எடுத்துப்போய் அவர் கையிலேயே கொடுத்தாள். அவர் அதை விரலால் உருட்டிப் பார்த்தாராம். "பாதி தேறும். மேட்டுப் பக்கத்தை மொதல்ல அறுக்கச் சொல்லு" என்றாராம். மூன்றாம் நாள் விடியற்காலையில் போய்விட்டார். மேட்டுப் பக்கம் அறுத்த நெல் அப்போது தார்ப்பாய்க்கு அடியில் காய்ந்துகொண்டிருந்தது.

காலை விமானத்தில் திருச்சிக்குப் போய், அங்கிருந்து கார் பிடித்து, நான் போய்ச் சேரும்போது பெட்டி வாசலில் இருந்தது. குதிகால்களைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, வெள்ளைத் துணி மூடியிருந்தது. கல்லறைத் தோட்டத்தில் குழி வெட்டியவர்கள் மார்பளவு ஆழத்தில் தண்ணீர் ஊறுவதைப் பார்த்து வாளியால் இறைத்துக்கொண்டிருந்தார்கள். இறைத்தவர்களில் பக்கத்து வயல்காரருடைய மகனும் ஒருவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்குள்ளேயே நின்றார். ஐயர், "நீ மண்ணாயிருக்கிறாய், மண்ணுக்குத் திரும்புவாய்" என்று வாசித்துக் கைப்பிடி மண்ணைப் போட்டார். ஈரக் களி, தூவ வரவில்லை. கட்டியாக விழுந்து பெட்டிமேல் சத்தம் கேட்டது. நானும் ஒரு பிடி எடுத்துப் போட்டேன். என் விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டதை வெகுநேரம் கழுவாமல் இருந்தேன்.

அக்கா சொன்ன பதில்

அடக்கம் முடிந்து எல்லோரும் கலைந்தபின் கோயில் கணக்கப்பிள்ளை பதிவேட்டோடு அக்காவிடம் வந்திருக்கிறார். அப்போது நான் தெரு முனையில் பந்தல்காரருக்குப் பணம் கொடுத்துக்கொண்டிருந்தேன். பெயர், வயது, இறந்த நாள் எல்லாம் எழுதியாயிற்று. தொழில் என்ற கட்டம் வந்ததும், "விவசாயி" என்றிருக்கிறாள் அக்கா. "நெலம் அவரு பேர்ல இருக்காம்மா?" "இல்லங்க. தம்பி பேர்ல இருக்கு." "அப்ப விவசாயக் கூலின்னு போடணும்மா. இல்லாட்டி நாளைக்கு யாராச்சும் கேப்பாங்க." அவள் சரி என்றாள். அவரும் சுருக்கமாகக் "கூலி" என்று எழுதிக்கொண்டார். அவர் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை. பட்டா, சிட்டா, வங்கி, சங்கம் என்று எல்லா இடத்திலும் ஐம்பது வருடமாகக் கேட்ட அதே கேள்வியைத்தான் அவரும் கேட்டார். ஒன்றரை வருடம் அக்கா இதைத் தனக்குள்ளேயே வைத்திருந்தாள். சபை எனக்குக் கை தட்டியதை நான் பெருமையாகச் சொன்ன அன்றுதான் வாய் திறந்தாள்.

"நீ ஏன்க்கா அவர் பேர்லதான்னு சொல்லல?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அப்பா குழிமேல மண்ணு காயல தம்பி. அங்க நின்னு பொய் சொல்லச் சொல்றியா?"

அதன்பிறகு பல வாரம் எனக்கு வேறு நினைப்பே இல்லை. வேலைக்குப் போகும்போது ரயிலில் இதே எண்ணம்தான். நான் குடியிருக்கும் வீடு 99 வருடக் குத்தகை வீடு, அதில் அறுபது சொச்சம் வருடம்தான் மீதி. ஆனாலும் எல்லோரும் என்னை வீட்டுக்காரர் என்கிறார்கள், நானும் அப்படித்தான் நினைக்கிறேன். அப்பாவோடு நேவல் பேஸில் வேலை பார்த்த பெரியவர் ஒருவரைச் சில ஆண்டுகளுக்கு முன் சுவா சூ காங்கில் அடக்கம் செய்தோம். அங்கே கல்லறைக்கும் 15 வருடம்தான் தவணை, பிறகு தோண்டி எடுத்துவிடுவார்கள். சிங்கப்பூரில் இருந்துகொண்டு, இருக்கிறவரை யார் இருக்கிறார்களோ அவர்களுடைய இடம் என்று ஏற்றுக்கொள்ள எனக்கு எந்தச் சிரமமும் இருந்ததில்லை. ஐம்பது வருடம் ஒரே ஆறு மாவில் நின்றவருக்கு மட்டும் அதை நான் கொடுக்கவில்லை. அந்த நிலம் இருந்த இடத்தை விட்டு நகராமலே தஞ்சாவூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை என்று மூன்று மாவட்டத்துக்கு மாறியது. ஒவ்வொரு முறையும் தாளில் எழுத்தை மாற்றினார்கள். ஒரே ஒரு பெயரை மாற்ற எனக்கு நாள் கிடைக்கவில்லை.

பதிவேட்டைத் திருத்த முடியுமா என்று கடிதம் எழுதினேன். பழைய பதிவை அடிக்க முடியாது, ஆதாரம் கொடுத்தால் ஓரத்தில் குறிப்பு எழுதலாம் என்று பதில் வந்தது. ஆதாரம் என்றால் அவர் பெயரில் சாகுபடிக் கணக்கான அடங்கலோ ரசீதோ இருக்க வேண்டும். பெரியம்மாவின் பெட்டியைக் கிளறினோம். அடகுச் சீட்டுகள் கட்டுக் கட்டாக இருந்தன, எல்லாம் பெரியம்மா பெயரில். கொள்முதல் நிலையத்து ரசீதுகள் என் பெயரில். உரக்கடைச் சீட்டில் பெயரே இல்லை, தேதியும் மூட்டைக் கணக்கும்தான். அவர் பெயர் எழுதிய ஒரே ஒரு காகிதம் அகப்பட்டது: 1972-ஆம் ஆண்டு அறுப்பின் பண்டிகையில் முதற்பலனாக ஒரு கலம் நெல் கொடுத்ததற்குக் கோயில் கொடுத்த ரசீது. மடிப்பில் கிழிந்து நான்கு துண்டாக இருந்தது. அக்கா அதைக் கண்ணாடித் தாளில் ஒட்டி ஐயரிடம் கொடுத்திருக்கிறாள். குறிப்பு எழுதுவார்களா என்பது இன்னும் தெரியவில்லை.

2025 ஜூனில் இதற்கென்றே லீவு போட்டு ஊருக்குப் போனேன். வேறு ஒரு வேலையும் வைத்துக்கொள்ளவில்லை. பத்திர எழுத்தர் ஆறு மாவையும் அக்கா பெயருக்கு மாற்றும் பத்திரத்தைத் தட்டச்சு செய்து வாசித்துக் காட்டினார். எழுதிக் கொடுப்பவர் என்று என் பெயர், அப்பா பெயர், வயது, அதற்குப் பிறகு "தொழில் விவசாயம்" என்று வந்தது. அந்த ஊர்ப் பத்திரங்களில் எல்லோருக்கும் அப்படித்தான் போடுவாராம். நிறுத்தச் சொன்னேன். "கப்பல் பட்டறை டெக்னீஷியன்னு போடுங்க" என்றேன். அவர் மாற்றினார். எழுதி வாங்குபவர் பெயருக்கு வந்தபோது, மிஷன் பள்ளியில் ரிட்டயர் ஆன டீச்சர் என்று அவருக்குத் தெரியும், அதனால் "ஓய்வுபெற்ற ஆசிரியை" என்று போட்டிருந்தார்.

அக்கா கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டு, "விவசாயம்னு மாத்துங்க" என்றாள். அவர் எதற்கு என்று கேட்காமல் மாற்றினார். இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டோம். மேட்டூர் திறந்த தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர இன்னும் சில நாள் ஆகும் என்று வெளியே யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். அதற்குள் நாற்றங்காலைச் சேறடித்து வைக்க வேண்டும் என்று அக்கா உடனே கிளம்பிவிட்டாள். நான் ரசீது வாங்கிக்கொண்டு பின்னால் போனேன்.